ஹனீபாவின் மேல் நான் ஊதிய விசில்

கடற்காற்று கொண்டுவந்து போட்ட மணல் சப்பாத்துக்கு அடியில் நறநறக்கும். ஆட்டத்துக்கு முன் நாங்களே விளக்குமாறு பிடித்து அந்தச் சீமெந்துத் தரையைக் கூட்டுவோம்... எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் கூடைப்பந்து என்றால் அப்படித்தான்.

எனக்கு இருபத்து மூன்று வயது. புதிதாக வாத்தியார் வேலை. மட்டக்களப்பில் இரண்டு நாள் மத்தியஸ்தர் பயிற்சி எடுத்துவிட்டு, கழுத்தில் விசிலோடு திரிந்தேன். எனக்குக் கிடைத்த முதல் பெரிய ஆட்டமே ஓர் இறுதி ஆட்டம். எங்கள் ஊர் அணியும் காரைதீவு அணியும்.

எங்கள் அணித் தலைவன் ஹனீபா என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். சம்மாந்துறை வயல்களில் ட்ரக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். அடுத்த கிழமை சவூதிக்குப் பயணம்.

"கோப்பையத் தூக்கிட்டுத்தான்டா ப்ளேன் ஏறுவன்" என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தான்.

கடைசி நிமிடம். ஒரு புள்ளியால் நாங்கள் முன்னே. காரைதீவுச் சிவம் கூடைக்கு எறிய எழும்பினான். தடுக்க ஹனீபாவும் எழும்பினான். பட்டென்று ஒரு சத்தம்...

ஊதிவிட்டேன். எறிகிறவனின் கையில் அடித்தால் பவுல். அவனுக்கு இரண்டு ப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் எறியலாம், ஒன்றுக்கு ஒரு புள்ளி.

சனம் உள்ளே இறங்கிவிட்டது. "மாஸ்டர், நீ எந்த ஊருக்காரன்டா?" யாரோ என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தார்கள்.

பவுல் செய்தவன் தானே கையை உயர்த்திக் காட்ட வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். ஹனீபா என்னை ஒருதரம் பார்த்தான். பிறகு கையை நேராக உயர்த்தினான்.

"ஓம், அடிச்ச நான்தான்! எல்லாரும் வெளிய போங்க!"

சனம் அடங்கியது. சிவம் இரண்டையும் போட்டான். ஒரு புள்ளியால் தோற்றோம்.

அன்று அந்தி, மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசலால் வெளியே வந்த ஹனீபாவைப் பிடித்தேன்.

"மச்சான், உண்மையச் சொல்லு. கையிலயா பட்ட?"

"பந்துலதான்டா பட்ட."

"அப்ப என்னத்துக்குக் கையத் தூக்கின?"

"நான் கையத் தூக்கல்லண்டா, உன்னத் தூக்கியிருப்பானுகள்." அவன் சிரிக்கவில்லை. கண் சிவந்திருந்தது. "இனிக் கையப் பாத்து ஊது. சத்தத்தக் கேட்டு ஊதாத. இத ஒருத்தருக்கும் சொல்லவும் வேணாம்."

கோப்பை இல்லாமலே ப்ளேன் ஏறினான். ஹனீபாவால்தான் தோற்றோம் என்று ஊர் பல வருடம் கதைத்தது. நான் வாய் திறக்கவில்லை... அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் விசில் பிடித்தேன். இரண்டு பேர் சேர்ந்து எழும்பினால் என் கண் கைகளை விட்டு அசையாது.

இப்போது கமெரா இருக்கிறது. திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். நல்லதுதான். அன்று அது இருந்திருந்தால் ஹனீபா கோப்பையோடு போயிருப்பான். ஆனால், எனக்கு வாய்த்த கூட்டாளி எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரிந்தே இருக்காது.

ஹனீபா இப்போது சவூதியை விட்டு ஊரோடு வந்துவிட்டான். பேஸ்புக் பக்கம் வருவதில்லை. அவனுடைய மகன் இதை வாசித்துக் காட்டுவான், ஹனீபா எனக்கு ஏசுவான். ஏசட்டும்.

அது பவுல் இல்லை, ஊராரே. பிழையாக ஊதியவன் நான்.