எங்கள் வாசலில் தலைகீழாய் நின்ற வேல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே மனதுக்குள் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். முருகன் பேர் வருகிற விஷயம். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்தால் பாவம் அவர்களுக்கா, சொன்ன எனக்கா என்று தெரியவில்லை. என் சம்பந்தியம்மா படித்துவிட்டால் என்ன சொல்வாரோ என்கிற பயம் வேறு. பத்தாவதோடு நின்றவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் ஒன்றும் கூட்டவில்லை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், ஒரு வளைவை ஒட்டி எங்கள் வீடு. முன்பக்கம் மளிகைக் கடை, மாடியில் கம்பெனிப் பையன்களுக்கு வாடகை அறைகள். சாலையை அகலப்படுத்தியபோது வாசலருகே இருந்த கிலோமீட்டர் கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு கம்பம் நட்டு, உச்சியில் சாலை எண் எழுதிய தகடு ஒன்றை மாட்டினார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கேடயம் மாதிரி மேலே அகலமாக இருக்கும், கீழே கூராக முடியும், நடுவில் எண். அதைப் பற்றி எனக்கு எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை. என் மனைவி துணி காயப்போடும் கொடியின் ஒரு முனையை அந்தக் கம்பத்தில்தான் கட்டியிருந்தாள்.

அப்போது என் மகளைப் பெண் பார்க்க குன்றத்தூரிலிருந்து வந்தார்கள். பையனும் என் மகளும் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரே கம்பெனியில், ஒரே லைனில் வேலை. இருவரும் முன்பே பேசிவைத்துக்கொண்டு, தரகர் கொண்டுவந்த சம்பந்தம் மாதிரி எங்களை நம்பவைத்திருந்தார்கள். எங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி கேசரி கிண்டினோம்.

பையனின் அம்மா கிருத்திகை தவறாமல் மலையேறுகிறவர். ஆட்டோவிலிருந்து இறங்கினார், நிமிர்ந்து பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாங்க இது? வேலைத் தலகீழா நட்டு வெச்சிகினு கீறீங்க?"

"அது ஹைவேஸ் போர்டும்மா. ரோட்டு நம்பரு."

"நம்பரு கெடக்கட்டும். கூரு எங்க பாக்குது சொல்லுங்க."

பார்த்தேன். கிருத்திகைக்குக் கிருத்திகை வேலைத் தரிசிக்கிற எனக்கு அன்றுதான் கண் திறந்தது. இலை மாதிரி உடம்பு, கூரான நுனி. நுனி மட்டும் வானத்தைப் பார்க்காமல் எங்கள் வாசற்படியைப் பார்த்தது.

அந்தம்மா உள்ளே வரவில்லை. சாலையோரம் நின்றே காபி குடித்தார். போகும்போது என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு தங்கமா கீது. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. போர்டு மாறட்டும், தட்டு மாத்திக்கலாம்" என்றார்.

ஆட்டோ போனதும் என் மகள் சொன்னது ஒரே வார்த்தை. "அப்பா." அதன்பின் ஷிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தத் தகட்டை நிமிர்ந்து பார்ப்பாள். என்னைப் பார்க்கமாட்டாள். மனைவி கொடியை அவிழ்த்து ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டாள்.

நெடுஞ்சாலை அலுவலகத்துக்குப் போய் நின்றேன். முருகன் செயல் என்றுதான் சொல்லவேண்டும், சாலைப் பலகைகள் எப்படி இருக்கவேண்டும் என்று மக்களிடம் கருத்துக் கேட்கப்போவதாக அங்கே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதுவும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்.

கூட்டத்துக்கு ஒரு இன்ஜினியர் பெண் வந்திருந்தார். சின்ன வயசு, பொறுமைசாலி. தெர்மாகோல் அட்டையில் வட்டம், சதுரம், கேடயம் என்று படங்கள் ஒட்டி, மஞ்சளா, வெள்ளையா, பச்சையா, எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டார். இந்த ஜனங்களிடம் இதுவரை யாரும் எதுவும் பிடிக்குமா என்று கேட்டதில்லை. ஆளாளுக்கு எழுந்தார்கள். பிரியாணிக் கடைக்காரர், "எது வெச்சாலும் என் போர்டை மறைக்காம வைங்க மேடம்" என்றார். கம்பெனி பஸ் டிரைவர், எண்ணைப் பார்த்து வழி கண்டுபிடித்த ஒரு மனிதனைக்கூடத் தான் பார்த்ததில்லை, டீக்கடை படம் போட்டால் புண்ணியம் என்றார். எங்கள் மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலித் தம்பி, "எங்க ஊரு எம்புட்டு தூரம்னு போடச் சொல்லுங்க அண்ணாச்சி. வெறும் நம்பரை வச்சிக்கிட்டு நாங்க என்ன செய்ய?" என்றான்.

என் முறை வந்தது. "கேடயமே இருக்கட்டும்மா. ஆனா திருப்பி வைக்கணும். கூரு மேல."

"அப்படி வெச்சா நம்பர் தலைகீழா வருமே சார்?"

"நம்பரை மட்டும் நேரா எழுதிக்கலாம்மா."

அவர் அட்டையைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். "இது எதுக்கு சார்?"

விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா எழுந்தார். அவர்கள் தேவாலயத்துக்குப் போகிற குடும்பம்.

"எங்களுக்கு வேல் எந்தப் பக்கம் பாத்தாலும் ஒண்ணுதான் மேடம். ஆனா இது எங்க கண்ணு முன்னாடி வளந்த பொண்ணு. திருப்பி வைங்க."

பிறகு யாரும் நிறம் பற்றியோ எழுத்து பற்றியோ பேசவில்லை. பிரியாணிக் கடைக்காரர் உட்பட எல்லோரும் தலைகீழ்க் கேடயத்துக்கே கை தூக்கினார்கள். அந்தப் பெண் எழுதிக்கொண்டு, "மேல அனுப்பறேன் சார். இப்படி ஒரு கருத்து எந்த ஊர்லயும் வரல" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்துக் கும்பிட்டேன்.

மாதங்கள் போயின. தகடு அசையவில்லை. ஆயுத பூஜை வந்தது.

சாலைப் பணிக்கு வருகிற மேஸ்திரி ஒருவர் உண்டு. ரோடுரோலருக்கும் மண்வெட்டிக்கும் பூஜை போட்டபின், எங்கள் வாசலில் இருந்த கிலோமீட்டர் கல்லுக்கும் வருடா வருடம் சந்தனம் குங்குமம் வைப்பார். கல் போய்விட்டது. கல் இருந்த இடத்தில் கம்பம் இருக்கிறது. மனிதர் யோசிக்கவில்லை. ஏணி போட்டு ஏறி, தகட்டில் விபூதிப் பட்டை இழுத்து, சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, கீழே பூசணிக்காய் உடைத்தார். எண் சுத்தமாக மறைந்துவிட்டது. நான் கடைக்குள்ளிருந்து பதறினேன். இருக்கிற குறை போதாதென்று அதற்கு மாலை வேறா?

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் நின்றது. ஒரகடத்தில் உறவினர் வீட்டுப் பூஜைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த பையனின் அம்மா இறங்கினார். பஸ்ஸிலிருந்து பார்த்தவருக்கு மனசு கேட்கவில்லையாம். நேரே மேஸ்திரியிடம் போனார்.

"ஏம்பா, சாமிக்கு மாலை போட்டுகினு கீறியே, கூரு ஏன் கீழ பாக்குது?"

மேஸ்திரி கையிலிருந்த சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே, "நட்ட வேலு வேற எப்பிடிம்மா இருக்கும்? தரையில குத்தி நிறுத்தணும்னா கூரு கீழதான போவணும்? இந்த வளைவுல லாரி எத்தினி கவுந்துது தெரியுமா? இது வந்தப்புறம் ஒண்ணு கவுந்துச்சா கேளு" என்றார்.

கவிழாததற்குக் காரணம் சாலையை அகலப்படுத்தியது. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தம்மா நிமிர்ந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. எங்கள் கடையில் கற்பூரம் வாங்கி ஏற்றினார். வலது காலை எடுத்து வைத்து வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, "வாசல்லயே காவல் நிக்குது. இந்த வூட்டுப் பொண்ணை வுட்டுட்டு நான் எங்க தேடுவேன்? காபி போடுங்க" என்றார். தை மாதம் கல்யாணம் என்று முடிவானது. மகள் அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் ஐப்பசியில் ஒரு வேன் வந்து நின்றது. அதே இன்ஜினியர் பெண் முகமெல்லாம் சந்தோஷமாக இறங்கினார்.

"சார், உங்க கோரிக்கைய ஏத்துக்கிட்டாங்க! திருப்பி வைக்க விதியில எடமில்ல. அதனால இந்த எடத்துக்கு மட்டும் சதுர போர்டு சாங்ஷன் பண்ணிருக்காங்க. இதைக் கழட்டிடறோம்."

கம்பத்துக்கு முன்னால் போய் நின்றேன். "வேணாம்மா. இதுவே இருக்கட்டும்."

"நீங்கதான சார் கேட்டீங்க? ஊரே கை தூக்கிச்சே!"

"அப்ப அது தலகீழா இருந்துச்சும்மா."

"இப்பவும் அப்படித்தான சார் இருக்கு?"

இதற்கு என்ன பதில் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மனைவி ஓடிவந்து கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அக்காவும் வந்து இன்னொரு பக்கம் பிடித்தார். இன்ஜினியர் பெண் மேஸ்திரியைக் கூப்பிட்டு ஏறச் சொன்னார். அவர் ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டார்.

"பூசை போட்டதுல நான் கை வெக்க மாட்டேன் மேடம். வேற ஆளப் பாத்துக்கோங்க."

வேனில் வந்த வேறு ஆட்களும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார்கள்.

அந்தப் பெண் ஒரு வாய் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு சதுரப் பலகையைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் நடச் சொன்னார். போகும்போது, "எனக்கும் ஜாதகம் பாத்துக்கிட்டுதான் இருக்காங்க சார்" என்று சொல்லி, மேலே பார்த்து லேசாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆகவே எங்கள் வளைவில் இப்போது ஒரே எண்ணுக்கு இரண்டு பலகைகள். வெளிமாநில லாரிக்காரர்கள் நிறுத்தி, எது சரி என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்றால் நம்பமாட்டேன் என்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் விலாசத்துக்குக் கீழே 'வேல் போர்டு எதிரில்' என்று சம்பந்தியம்மாதான் அச்சடிக்கச் சொன்னார். அது ஸ்டாப்பிங் பெயராகவே ஆகிவிட்டது. குன்றத்தூரிலிருந்து பேத்தியைத் தூக்கிக்கொண்டு என் மகள் வரும்போது, "வேல் போர்டு எறங்கு" என்று கண்டக்டர் கத்துவது கடைவரை கேட்கும்.

ஆனால் மற்றதும் காதில் விழுகிறது. அந்தத் தகடு ஒருநாள் விடியும்போது தானாக முளைத்ததாம். கிருத்திகையன்று அதில் பால் வடிகிறதாம். கழற்ற வந்த அதிகாரிக்குக் கை விளங்காமல் போனதாம். அந்த இன்ஜினியர் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்யாணமாகி நன்றாக இருக்கிறார், எனக்குப் பத்திரிகை வந்தது. கம்பெனிப் பெண்கள் கம்பத்தில் மஞ்சள் கயிறு கட்டுகிறார்கள். கட்டட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் என் முருகன் எனக்குச் செய்தது போதும். அவன் செய்யாததை அவன் பேரில் எழுத என் மனசு ஒப்பவில்லை. அதனால்தான் தயக்கத்தை விட்டு எழுதினேன்.

இதைப் பதினொரு பேருக்கு அனுப்பினால் நல்ல சேதி வரும் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். வராது. யாரிடமாவது சொல்ல நேர்ந்தால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். பால் வடியவில்லை. கூர் கீழேதான் பார்க்கிறது. பலகைகள் இரண்டு. இதில் ஒன்றையும் தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள்.