பாழ்மனை இரண்டும் பதினொரு நொடியும்

செவிலிமேட்டு ஜான்சனுக்கு வாய்த்த கிறுக்கு தனி ரகம். பாட்டுப் பைத்தியம் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள், அவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஜான்சன் பாட்டைச் சீந்தவே மாட்டான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வருவதுதான் அவனுக்கு வேண்டும். கதாநாயகி பயந்து பயந்து கதவைத் திறக்கும்போது ஒரு வயலின் முனகுமே, அது. படம் வந்து பல வருடம் கழித்து, அதன் பின்னணி இசை மொத்தத்தையும், படத்தில் வெட்டிப் போட்ட துண்டுகளையும் சேர்த்து, விரிவான பதிப்பு என்று குறுந்தகட்டில் வெளியிடுகிறார்களே, அதைத் தேடித் தேடி வாங்குவான். துணி வைக்க வேண்டிய பீரோவில் பாதி அதுதான் அடைந்து கிடக்கிறது. அதிலும் பேய்ப்படம் என்றால் அவனுக்கு உயிர்.

"ஜெபம் பண்ற நேரத்துல பேய்க்கு மேளம் அடிக்கிறது காஞ்சிபுரத்துலயே நம்ம ஊட்லதான்" என்பாள் அவன் மனைவி இந்திராணி. அதற்கும் சிரிப்பான். வீடு வீடாகப் போய்க் குடிநீர் சுத்திகரிக்கும் மெஷின் பழுது பார்க்கிற வேலை அவனுக்கு. எந்த வீட்டு டிவியில் பேய்ப்படம் ஓடினாலும் அங்கே வேலை முடிய ஒரு மணி நேரம் கூடுதலாகும்.

அதற்கு முன்னால் அவன் தியேட்டர் ஆபரேட்டர். அந்தத் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபமாகிவிட்டது. 2003இல் அங்கே 'பாழ்மனை இரண்டு' வந்தது. முதல் 'பாழ்மனை' சக்கைப்போடு போட்ட படம், அதன் இசை இன்றைக்கும் பாதிப் பேர் போனில் மணியாக அடிக்கிறது. இரண்டாவது ஒன்பது நாளில் சுருண்டது. அதன் இசை கேசட்டாகக்கூட வெளிவரவில்லை. ஆனால் ஒன்பது நாளும் நாலு காட்சியும் அதைக் கேட்டவன் ஜான்சன். இசையில் முதல் படத்தைவிட இரண்டாவதுதான் உசத்தி என்று சொன்னான், சொல்லிக்கொண்டே இருந்தான். தமிழ்நாட்டில் அப்படிச் சொன்னது அவன் ஒருவன்தான்.

எதிர்க்கட்சிக்கு உதயகுமார். சின்ன காஞ்சிபுரத்துக்காரன், ஜான்சனின் வயசு, பட்டு ஜவுளிக்கடையில் விற்பனையாளன். எடுக்க வந்தவர்கள் ஒன்று என்றால் மூன்று எடுக்க வைக்கும் வாய். கடை திறக்குமுன் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருவரும் இதைப் பேசி இருபது வருடம் ஓட்டியிருக்கிறார்கள்.

"முதல் படத்துல பேய் வர்றதுக்கு முன்னாடியே மியூசிக் வந்து, வருது வருதுன்னு தண்டோரா போட்டுடும்பா" என்பான் ஜான்சன். "ரெண்டாவதுல பேய் வந்ததும் மியூசிக் வாய மூடிக்கும். பயந்தவன் பேசுவானா? அந்த ஆளு நம்மளோட சேந்து பயப்படறாரு."

"டியூன் போட நேரம் இல்லாம உட்டாரு. அத நீ பெருசா பேசிக்கினு இருக்கிற" என்பான் உதயகுமார்.

பின்னணி இசை ரசிகர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வந்ததும் வாக்குவாதம் அங்கேயும் போயிற்று. அங்கே நூற்றுச் சொச்சம் பேர் உதயகுமார் பக்கம். ஜான்சன் பக்கம் ஜான்சன். கேலி செய்தார்கள், அவன் சளைக்கவில்லை. இத்தனை பேர் எதிரே நின்றாலும், தன்னை உட்காரவைத்துக் கேட்கிறவன் உதயகுமார் ஒருவன்தான் என்று நினைத்தான். அதனால்தான் யாருக்கும் காட்டாத ஒன்றை அவனுக்கு மட்டும் காட்டினான்.

அது ஒரு கேசட். படம் ஓடிய நாலாம் நாள் பகல் காட்சியில், ஆம்பிளிஃபயரிலிருந்து வயர் இழுத்துக் கடைசி ரீல்களை ஜான்சன் பதிவு செய்திருந்தான். படத்தின் கடைசியில் வரும், வசனமே இல்லாத கிணற்றுக் காட்சி அதில் முழுதாக இருந்தது. ஆனால் ஒரு கோளாறும் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு ரீல் முடியும்போது பக்கத்து மெஷினில் அடுத்த ரீலை ஓடவிட்டு, முதல் மெஷினின் சத்தத்தை மூடி இதன் சத்தத்தைத் திறக்க வேண்டும். கேசட்டைத் திருப்பிப் போட்ட அவசரத்தில் ஜான்சன் அடுத்த ரீலின் சத்தத்தைச் சீக்கிரமே திறந்துவிட்டான், முதல் ரீலின் சத்தத்தை மூட மறந்தான். முடிகிற ரீலில் தாய் தாலாட்டை முனகுகிறாள். அதன்மேலேயே தொடங்குகிற ரீலின் வயலின்கள் கிணற்றுப் படியில் ஏறி வருகின்றன. பதினொரு நொடி இரண்டும் ஒன்றாக ஒலித்தன. கீழே யாரோ ஒரு பெண் அலறினாள். உண்மையைச் சொன்னால், அது அபாரமாகத்தான் இருந்தது.

போன வருடம் டேப் நைந்துவிடுமோ என்ற பயத்தில், கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச்சொல்லி அதை உதயகுமாரிடம் கொடுத்தான்.

"அந்தப் பதினொரு செகண்ட மட்டும் கணக்குல சேக்காத" என்றான். "அது மியூசிக் இல்ல, என் தப்பு."

உதயகுமார் தலையாட்டினான். ஒரு மாதத்தில் கேசட் திரும்பி வந்தது.

இந்த ஆண்டு 'பாழ்மனை இரண்டு' விரிவான பதிப்பு வரப்போகிறதென்று சென்னையில் ஒரு சிறு நிறுவனம் அறிவித்தபோது ஜான்சன் தெருவில் நின்றே அழுதுவிட்டான். பார்சல் ஒரு சனிக்கிழமை வந்தது. கை கழுவிவிட்டு வந்து பிரித்தான். உள்ளே பதினாறு பக்கத்தில் சிறு புத்தகம். கடைசிக் காட்சியின் மூலப்பதிவு வெள்ளத்தில் அழிந்துபோனதால், ரசிகர் ஒருவரின் ஒலிநாடாவிலிருந்து எடுத்திருப்பதாகப் போட்டிருந்தது. ரசிகரின் பெயர் உதயகுமார்.

அந்தப் பெயரை இன்னொரு தரம் படித்தான். பக்கத்தைப் புரட்டினான். கட்டுரையும் உதயகுமாருடையதுதான். பயந்தவன் பேசுவானா என்று ஆரம்பித்திருந்தான். அடுத்த வரியும் ஜான்சனுடையது, அதற்கு அடுத்ததும். டீக்கடையில் மறுத்து வெட்டிப் பேசிய கருத்துகளையெல்லாம் அங்கே தன்னுடையதாக ஒவ்வொன்றாக அடுக்கிவைத்திருந்தான். நடுவில் ஒரு பக்கம் முழுக்க அந்தப் பதினொரு நொடி. தாலாட்டையும் பயத்தையும் ஒரே மூச்சில் வைத்த மேதைமை என்று எழுதியிருந்தான்.

குழுவில் அதற்குள் திருவிழா. அதுவரை சிரித்தவர்கள், இரண்டாம் படத்தின் இசைதான் உசத்தி என்று கும்பிடு போட்டார்கள். எல்லார் வாயிலும் பதினொரு நொடிதான்.

மறுநாள் முகூர்த்த ஞாயிறு. ஜவுளிக்கடையில் நிற்க இடமில்லை. மெத்தையில் கல்யாணக் கூட்டம் ஒன்று உட்கார்ந்திருக்க, உதயகுமார் சேலை விரித்துக்கொண்டிருந்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஜான்சன் போய் அவன் பக்கத்தில் நின்றான்.

"வந்துச்சா? எப்பிடிப்பா இருக்குது?" என்றான் உதயகுமார், சேலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என் கேசட்ட நீ எப்பிடிக் குடுக்கலாம்?"

"மெதுவா பேசு." ஒரு மாம்பழ நிறச் சேலையை விரித்தான். "வெளிச்சத்துல வச்சுப் பாருங்கம்மா." பிறகு குரலைத் தாழ்த்தினான். "தியேட்டர்ல வயர் இழுத்து ரெக்கார்டு பண்ணவன்னு உன் பேரப் போட்டா கேசு கீசுன்னு அலையணும்பா. உன்னக் காப்பாத்தத்தான் என் பேரக் குடுத்தேன்."

"நான் பேசினதயும் காப்பாத்திக்கினியா? இல்ல இல்லன்னு இருபது வருஷமா மல்லுக்கட்டினு இருந்தவன் நீ."

"ஜெயிச்சது நீதானப்பா. நீ சொன்னதத்தான் இன்னிக்கி எல்லாரும் சொல்லிக்கினு இருக்கிறாங்க."

"அந்தப் பதினொரு செகண்டு என் தப்புன்னு சொல்லித்தானே குடுத்தேன்?"

உதயகுமார் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"அத உட்டா அதுல வேற இன்னாபா இருக்குது?" என்றான்.

கேசட்டின் நகல் போனது வலித்தது, பெயர் போனது அதைவிட வலித்தது. இந்தக் கேள்விதான் ஜான்சனை உடைத்தது. இத்தனை வருடம் தன் எதிரே உட்கார்ந்திருந்தவன் ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை, மனப்பாடம் மட்டும் செய்திருக்கிறான். தன் ஒரே தோழன் இவன் என்று நம்பிய தன்மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது. வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

செவிலிமேடு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பேசாமல் இருந்துவிடலாம். இருந்தால் அந்த இசை ஜெயித்ததாகவே நிற்கும், இத்தனை வருடம் அவன் கேட்டதும் அதுதான். ஆனால் உயிரைக் கொடுத்து அந்த இசையை அமைத்த மனிதரை, ஒரு ஆபரேட்டரின் கவனக்குறைவுக்காகப் புகழ்கிறார்கள். அவர் செய்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதை ஜான்சனால் பொறுக்க முடியவில்லை. பஸ் கிளம்புமுன்பே குழுவில் எழுதிவிட்டான். அந்தப் பதினொரு நொடி அவர் போட்டதில்லை, ரீல் மாற்றியபோது நடந்த தப்பு, அந்த ஆபரேட்டர் நான்தான், கேசட்டும் என்னுடையது.

முதலில் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. பொறாமை என்றான் ஒருவன். ஆதாரம் எங்கே என்றான் இன்னொருவன். உதயகுமாரும் வந்தான். "ஜான்சன் என் நெடுநாள் நண்பர். மனம் நொந்து எழுதுகிறார், யாரும் அவரைக் காயப்படுத்த வேண்டாம். இவ்வளவு பெரிய இசையைத் தப்பு என்று சொல்வதுதான் எனக்கு வருத்தம்" என்று பெருந்தன்மையாக எழுதினான். அதற்குக் கைதட்டல் குவிந்தது. அந்த இசைக்காக ஒண்டியாக நின்றவன், ஒரு பஸ் பயணத்தில் அதற்கு விரோதியாகிவிட்டான்.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, திரிஷா என்று பெயர், மரியாதையாகவே கேட்டாள். "சரி அண்ணா, அந்தப் பதினொரு செகண்ட் இல்லன்னே வச்சிப்போம். மத்தபடி இந்த மியூசிக்ல உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு?"

இத்தனை வருடத்தில் அந்தக் குழுவில் யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைக்கூட விட்டுவிட்டான். தாலாட்டு ஏன் ஒவ்வொரு முறையும் கடைசிச் சுரத்துக்கு முன்னால் நிற்கிறது, தவிலை ஏன் தட்டாமல் விரலால் தேய்த்தார்கள், குழந்தை வரும் காட்சிகளில் மட்டும் புல்லாங்குழல் ஏன் இல்லை என்று, இருபது வருடம் டீக்கடையில் மட்டும் பேசிவந்ததையெல்லாம் கட்டைவிரல் வலிக்க வலிக்க எழுதி அனுப்பினான்.

உடனே அவளிடமிருந்து பதில் வந்தது.

"அண்ணா, இது அப்படியே புக்லெட்ல ஒன்பதாம் பக்கம். எழுதினவர் பேரையும் போட்டுடுங்க."