ஆழமில்லாத பெயர்

தொண்ணூறுகளின் கடைசியில் மாமல்லபுரத்துக் கல்பட்டறை ஒன்றில் கல்லில் எழுத்து வெட்டும் ஒரு சிற்பியைப் பார்த்தேன். புருவமெல்லாம் கல்தூசி. ஒவ்வோர் எழுத்தையும் வெட்டி முடித்ததும் வாயால் ஊதி, விரலால் தடவிப் பார்ப்பார். தலைமை ஆசிரியனான நான், எங்கள் பள்ளிப் புதுக் கட்டடத்தின் திறப்புவிழாக் கல்லை வாங்கப் போயிருந்தேன். தேதியும் ஊர்ப்பெயரும் ஆழமாக இருந்தன. அமைச்சரின் பெயர் மட்டும் நகக்கீறல் போல இருந்தது.

“பேரு மட்டும் ஏன் இப்படி?” என்றேன்.

“முன்ன இருந்த மந்திரி பேர ஆழமா வெட்டினேன் சார். ஊழல் கேசுல உள்ள பூட்டாரு, பேர எடுன்னாங்க. தேய்ச்சித் தேய்ச்சிக் கை பூட்ச்சி. இப்ப யாரு வந்தாலும் இப்டித்தான்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புது அமைச்சர் பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர்மேல் ஒரு புகாரும் இல்லை. ‘ஆழமாக வெட்டுங்கள்’ என்று அதட்ட வாயெடுத்தவன், கல்லை அப்படியே வண்டியில் ஏற்றச் சொன்னேன்.