கண்ணாடித் தண்ணியில் முக்கால் மணி நேரம்

படகில் நான் இருந்தேன். என் பொண்டாட்டி இருந்தாள். அவள் தம்பி, என் மச்சான், இருந்தான். அவன் கட்டிக்கொண்டு வந்த பொண்ணு இருந்தது. ஆரம்பாக்கத்துப் பொண்ணு, கல்யாணம் ஆகிப் பத்தொன்பது நாள். பின்னால் இஞ்சின் பக்கம் படகுக்காரர். அவ்வளவுதான்.

புதுசாகக் கட்டினவர்களை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தோம். சனிக்கிழமை அத்திப்பட்டில் எங்கள் வீட்டில் சாப்பாடு. மறுநாள் எனக்கு வார லீவு. அந்தப் பொண்ணு இதுவரைக்கும் படகே ஏறினதில்லை என்று சொன்னது. மச்சான் உடனே, பழவேற்காடு போலாம் என்றான். காலையில் நாஷ்டா முடித்துவிட்டுக் கிளம்பினோம்.

படகு கொஞ்சம் தள்ளி நின்றது. முழங்கால் தண்ணியில் நடந்துபோய் ஏற வேண்டும். செருப்பைக் கரையில் விடச் சொன்னார் படகுக்காரர். அவர் வெறுங்கால்தான். மற்றவர்கள் மணலில் அங்கங்கே கழற்றிப் போட்டார்கள். நான் எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்தேன். நாலு ஜோடி.

"இன்னா மாமா, கோயிலுக்கா போறோம்? உன் செருப்ப எவனும் தூக்கினு போவ மாட்டான். பிச்சக்காரன் கூட யோசிப்பான்" என்றான் மச்சான்.

அந்தப் பொண்ணு வாயைப் பொத்திச் சிரித்தது. நான் கடைசி ஜோடியையும் நேராக்கினேன். அது என் வேலைப் பழக்கம்.

நான் அனல் மின் நிலையத்தில், சாம்பல் குட்டையில் வேலை செய்கிறேன். கரி எரிந்த சாம்பலைத் தண்ணியில் கலந்து பைப்பில் அடித்து விடுவார்கள். அது வந்து ஏரி மாதிரி தேங்கும். மேலே தண்ணி தெளிந்து நிற்கும், வானம் தெரியும். அடியில் சேறு. பைப்பை நகர்த்த உள்ளே இறங்கும்போது பூட்ஸைக் கழற்றிக் கரையில் வைத்துவிடுவோம். சேறு பூட்ஸைப் பிடித்தால் காலையும் விடாது. வேலை முடிந்ததும் ஒருத்தர் நின்று பார்ப்பார். எல்லாரும் மாட்டின பிறகு கரையில் பூட்ஸ் மிச்சம் இருந்தால், ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். வேறு மாநிலத்தில் வேலை செய்தபோது, ஒரு சாயந்திரம் ஒரு ஜோடி மிச்சம் இருந்தது. அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

ஏரி கடலைத் தொடுகிற முகத்துவாரம் பக்கம் போனதும் மச்சான் இஞ்சினை நிறுத்தச் சொன்னான். "சத்தம் இல்லாம கொஞ்ச நேரம் இருக்கலாம்ணா."

படகுக்காரர் தண்ணியைப் பார்த்தார். "வத்திக்கினு இருக்கு நைனா. ரொம்ப நேரம் நிக்கக் கூடாது" என்றார். ஆனாலும் நிறுத்தினார்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாக இருந்தது. தண்ணியில் ஒரு சுருக்கம் இல்லை. இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடந்தது. தெற்கே தெரிந்த மின் நிலையப் புகைபோக்கிகள் தலைகீழாகவும் நின்றன. ஒரு கொக்கு பறந்தால் ரெண்டு கொக்கு பறந்தது. அந்தப் பொண்ணு போனைக்கூட மடியில் வைத்துவிட்டது. என் பொண்டாட்டி கையைத் தண்ணியில் விட்டு, இளஞ்சூடாக இருக்கிறது, நீயும் விடு என்றாள் என்னிடம்.

நான் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அசையாத தண்ணியைப் பார்த்தால் அடியில் என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

மச்சான் அதைப் பார்த்துவிட்டான். "அக்கா, மாமா புடிச்சிக்கினு கீறத பாரு. பலகைய ஊட்டுக்கு எடுத்துக்கினு போயிடுவாரு போல."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கையை எடுத்துத் தண்ணியில் விட்டேன். நிஜமாகவே இளஞ்சூடாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தேன்.

அப்போதுதான் படகு அடியில் தட்டியது. சத்தம் இல்லை. மெத்தையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது.

படகுக்காரர் கோலை ஊன்றித் தள்ளினார். நகரவில்லை. "ஒண்ணும் இல்ல. வத்தி முடிச்சிச்சு. இனிமே கடல் தண்ணி ஏறும். தானா தூக்கி வுட்டுடும். சும்மா குந்துங்க" என்றார். திரும்பி இஞ்சினைத் தூக்கி, விசிறியில் சுற்றியிருந்த வலைத்துண்டைப் பிரிக்க ஆரம்பித்தார்.

மச்சான் பேண்ட்டைச் சுருட்டினான். அந்தப் பொண்ணைப் பார்த்தான். இறங்கித் தள்ளப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இறங்காதே என்று சொல்லியிருக்க வேண்டும். மறுபடியும் சிரிப்பார்களே என்று ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் தப்பு.

"முட்டிக்கால் தண்ணிதான், இன்னா இப்போ" என்று இறங்கினான்.

கால் நிற்கவில்லை. தொடை போனது. இடுப்பும் போனது. அங்கே நின்றான். தண்ணி அவன் சட்டையில் நாலாவது பட்டனில் இருந்தது. முதலில் அவனே சிரித்தான். பிறகு ஒரு காலைத் தூக்கப் பார்த்தான். இன்னொரு கால் இன்னும் கீழே போனது. தண்ணி மூணாவது பட்டன். சிரிப்பு நின்றது.

"மாமா" என்றான்.

படகுக்காரர் ஓடி வந்தார். கயிற்றை எடுத்தார். "கக்கத்துல கட்டு. இஞ்சின் போட்டு இழுத்துடலாம்."

"வேணாம்" என்றேன். "சேறு கால வுடாது. இடுப்புதான் கழண்டு வரும்."

"அண்ணா, முப்பது வருஷமா இந்தத் தண்ணியில கீறேன்."

"தண்ணி உனக்குத் தெரியும். சேறு எனக்குத் தெரியும். தண்ணி ஏற எவ்ளோ நேரம் ஆவும், அதச் சொல்லு."

அவர் கோலில் ஈரம் ஏறின இடத்தைப் பார்த்தார். "ஆரம்பிச்சிடுச்சி" என்றார். "ஒரு மணி நேரத்துல ஓரடி ஏறும்."

ஓரடி ஏறினால் மச்சானுக்கு மூக்கு. அது எல்லாருக்கும் புரிந்தது. அந்தப் பொண்ணு படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தது. அழவில்லை.

படகில் மிதவைச் சட்டை ரெண்டு இருந்தது. ஏறும்போது யாரும் போடவில்லை. ஒன்றை அவனுக்கு மாட்டினேன். அடிப்பலகையில் ரெண்டைப் பிடுங்கித் தண்ணியில் போட்டேன். என் சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு பலகைமேல் குப்புறப் படுத்து அவன் பக்கத்தில் போனேன். இன்னொரு பலகையை அவன் முதுகுக்குப் பின்னால் வைத்தேன்.

"மல்லாந்து படு."

"இன்னா மாமா சொல்ற, மூஞ்சி முழுகிடும்."

"முழுவாது. படு. வானத்தப் பாரு. கால மறந்துடு."

"கால எப்பிடி மறக்கறது."

"உன் பொண்டாட்டி பேர நெனச்சிக்கோ."

"சிரிப்பு காட்டாத மாமா" என்றான். ஆனாலும் படுத்தான். தலை தண்ணியில் மிதந்தது. காது ரெண்டும் உள்ளே. மூக்கும் வாயும் மேலே. ஒரு சின்ன அலை வந்திருந்தால்கூட மூக்கில் போயிருக்கும். அலை இல்லை. காலையிலிருந்து நான் நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்த அந்த அசையாத தண்ணிதான் அவன் மூஞ்சியை மேலே வைத்திருந்தது. படகில் யாரும் அசையக்கூடாது என்றேன். யாரும் அசையவில்லை.

அவன் வலது கால் பக்கமாகக் கையைக் கீழே விட்டேன். தோள் வரைக்கும். சேற்றுக்கும் காலுக்கும் நடுவில் தண்ணி இறங்கினால்தான் பிடி விடும். விரலால் கிளறிக் கிளறி வழி பண்ண வேண்டும். காலை மேலே இழுக்கக்கூடாது. பாதத்தை மட்டும் ஆட்ட வேண்டும், ஈ உட்கார்ந்தால் மாடு தோலை ஆட்டுகிற அளவுக்கு. அவன் காது தண்ணிக்குள் இருந்ததால் நான் சொன்னது கேட்கவில்லை. அவன் தொடையில் தட்டிக் காட்டினேன். ஒரு தட்டுக்கு ஒரு ஆட்டு.

தண்ணி ஏற ஏறப் படகு லேசாகி நகரப் பார்த்தது. படகுக்காரர் ரெண்டு கோலை ரெண்டு பக்கமும் ஊன்றி, தோளைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். கயிற்றின் ஒரு முனை மச்சான் கக்கத்தில். மறுமுனை என் பொண்டாட்டி கையில். இழுக்காதே, தொய்வு மட்டும் வைக்காதே என்று சொல்லியிருந்தேன். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வாய்க்குள் அவள் அம்மாவிடம் என்ன சொல்வது என்று முனகிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

வலது முட்டி மேலே வர எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. என் முகவாய் தண்ணியில் இருந்தது. அவன் உதடு வெளுத்திருந்தது. ஆனால் கண் திறந்துதான் இருந்தது. வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வலது கால் வந்தது. இடது கால் வரவில்லை. என் கை மரத்துவிட்டது. பலகையோடு சுற்றி அந்தப் பக்கம் போய் மறு கையை விட்டேன். கிளிஞ்சல் கிழித்தது. சேறு பாதி வரைக்கும் விட்டது, பிறகு பிடித்துக்கொண்டது. தண்ணி அவன் காதைத் தாண்டிக் கன்னத்துக்கு வந்தது.

"அண்ணா" என்றது அந்தப் பொண்ணு. அன்றைக்கு அது என்னிடம் பேசின முதல் பேச்சு. "நேரம் இருக்கா?"

"இருக்கு" என்றேன். இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

கையை இன்னும் இறக்க என் மூஞ்சியையும் தண்ணிக்குள் விட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளறினேன். மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி போனேன். மூணாவது தடவை பாதத்துக்கடியில் சில்லென்று தண்ணி ஓடினது விரலில் தெரிந்தது. மேலே வந்து, மெதுவா இழு என்றேன். என் பொண்டாட்டி மெதுவாகத்தான் இழுத்தாள். அவன் பலகையோடு வழுக்கிக்கொண்டு படகுப் பக்கம் போனான்.

அவனைத் தூக்கி உள்ளே போட்டபோது படகு நன்றாக மிதந்துகொண்டிருந்தது. படகுக்காரர் சொன்ன மாதிரி தானாகத் தூக்கிவிட்டது. அந்தப் பொண்ணு போனைப் பார்த்து முக்கால் மணி நேரம் ஆச்சு என்றது.

திரும்பும்போதும் தண்ணி கண்ணாடி மாதிரிதான் கிடந்தது. யாரும் பார்க்கவில்லை. மச்சான் மட்டும் கொஞ்ச தூரம் போனதும் பேசினான். "காதுல ஒண்ணும் கேக்கல மாமா. உள்ள அவ்ளோ அமைதி. நல்லாதான் இருந்துச்சி."

"வாய மூடு" என்றாள் அவன் அக்கா. கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. அவன் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.

கரையில் இறங்கினோம். செருப்பு வரிசையாக இருந்தது. என் பொண்டாட்டி மாட்டினாள். அந்தப் பொண்ணு மாட்டியது. நானும் மாட்டினேன். மச்சான் உள்ளங்காலில் கிளிஞ்சல் கிழித்த காயம், போட முடியவில்லை. அவன் ஜோடியை அந்தப் பொண்ணு எடுத்துக்கொண்டது.

"வா மாமா, இன்னாத்த பாக்கற" என்றான். அவன் குரலில் கிண்டல் இல்லை.

நான் நின்று பார்த்தேன். மணலில் எதுவும் இல்லை. காலில் ஆறு. கையில் ரெண்டு.

எட்டு.