இடது ஓரத்துக் கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. ஆரணியில், பட்டு நெய்கிற ஒரு தெருவில், போன தை மாதம். தெருவின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். என் தோழி சுகன்யா போனில் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். அவளால் சொல்ல முடியாமல் போன மீதியைப் பிறகு மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சுகன்யா கணவனோடு ஒத்துவராமல் பெங்களூரிலிருந்து திரும்பியவள். தம்பி ஹேமநாத்தின் வீட்டு மாடி அறையில் இருந்தாள். பகலில் வின்சென்ட்டின் ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்யும் வேலை. விடியற்காலையில் கேமராவை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றுவாள். எடுப்பது பாதிதான், வெட்டுவதில்தான் படம் இருக்கிறது என்பாள். வேண்டாததை வெட்டு. ஓரத்தில் சிவப்பு தெரிந்தால் வெட்டு, இல்லாவிட்டால் பார்க்கிறவன் கண் அங்கேயே ஓடும். ஆனால் மணிக்கட்டு, முழங்கை, கழுத்து போன்ற இடங்களில் மட்டும் வெட்டாதே. உடம்பே அறுந்த மாதிரி இருக்கும்.

கேமராவைக் கீழே வைத்த பிறகும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. தம்பி மனைவி சத்யப்ரியா சமையலறையில் நிற்கும்போது சுகன்யாவின் கண் தானாகவே ஒரு படச்சட்டம் போடும். அடுப்பு, ஜன்னல், சுவரில் விழும் வெளிச்சம்... இவள் மட்டும் இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றும். மனசுக்குள் வெட்டிவிடுவாள். யாருக்கும் தெரியாத அந்த வெட்டில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது.

சத்யப்ரியா தேவிகாபுரத்துப் பெண். அவள் வாயும் சும்மா இருக்காது.

"இன்னா அண்ணி, ஆம்பள வாட்ச்ச மாட்டிகினு கிளம்பிட்டீங்க? இன்னைக்கு எந்த ஊட்டு வாசல்ல எட்டிப் பாக்கப் போறீங்க?"

சுகன்யா வலது கையில் கறுப்புத் தோல் பட்டை வைத்த பெரிய கடிகாரம் கட்டுவாள். சத்யப்ரியாவுக்குப் பதில் சொல்ல மாட்டாள். வெட்டுவாள்.

அன்று அவர்கள் வீட்டுப் பாவு. தறியில் ஏற்றும் முன் நீளவாக்குப் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். தெரு ஆட்களே இரண்டு பக்கமும் நின்று கை கொடுப்பார்கள். ஆனால் கிழக்குக் கோடியில், பாவு கட்டிய மர முளைக்கு இடது புறம் மட்டும் யாரும் நிற்பதில்லை. வண்டி திரும்ப வழி விடுகிறார்கள் என்றே சுகன்யா சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தாள்.

படத்துக்கு அந்த வெற்றிடம் உறுத்தியது. மாம்பழ மஞ்சள் இழைகள் ஒன்றோடொன்று நெருங்கி ஓடிப்போய் அங்கேதான் முடிகின்றன. முடிகிற இடத்தில் ஓர் ஆள் வேண்டும். தெருவில் எடுக்கிற படத்துக்காக யாரையும் கொண்டுபோய் நிறுத்தக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னாள்.

"சத்யா, அந்த முளைகிட்ட போய் நில்லு."

"நானா? நான் நின்னா உங்க படம் கெட்டுப் போயிடாது?"

"நில்லு."

கஞ்சி தெளித்துக்கொண்டிருந்த ரங்கசாமி நிமிர்ந்தார். எதிர்வீட்டு நெசவாளி. எதற்கும் கத்துகிற மனிதர். அன்று கத்தவில்லை.

"அங்க வேணாம்மா. ஜல்தி இந்தப் பக்கம் வந்துடு."

"ஒரே நிமிஷம் மாமா," என்றாள் சுகன்யா.

அழுத்தினாள். ஒரே ஒரு படம். அந்த நொடியில் எங்கோ ஓர் இழை அறுந்தது.

டப்.

ரங்கசாமி பாவு முழுக்கத் தடவிப் பார்த்தார். அறுந்த இழை ஒன்றுகூட இல்லை.

மத்தியானம். ஸ்டுடியோவில் அவள் தனியாக இருந்தாள். சென்னையில் நடக்கும் ஒரு கண்காட்சிக்குப் படம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். கணினித் திரையில் படத்தைத் திறந்தாள். வெளிச்சம் சரி. கோடுகள் சரி. சத்யப்ரியாவின் பச்சைப் புடவைகூட மஞ்சளுக்குப் பக்கத்தில் பொருந்தியிருந்தது.

இடது ஓரத்தில் சிவப்பு.

கிட்டே போய்ப் பார்த்தாள். ஒரு கை. படத்தின் விளிம்பு அதைச் சரியாக மணிக்கட்டில் வெட்டியிருந்தது. விரல்களைச் சுற்றிச் சிவப்புப் பட்டு இழைகள். பாவு மஞ்சள். சிவப்பு எங்கிருந்து வந்தது? அங்கே யாரும் நிற்கவே இல்லையே...

வழியில் போன யாரோ, என்று நினைத்துக்கொண்டாள். ஓரத்தை வெட்டினாள்.

புது ஓரத்தில் அதே கை. அதே மணிக்கட்டு.

சரியாக வெட்டவில்லை போல. மறுபடி வெட்டினாள். இப்போது விரல்கள் பாவின் மேல் இருந்தன.

நிறத்தை மொத்தமாக எடுத்துப் பார்த்தாள். தெரு சாம்பலானது. மஞ்சள் இழைகள் சாம்பலாயின. சத்யப்ரியா சாம்பலானாள். அந்தக் கையில் சுற்றிய இழைகள் மட்டும் சிவப்பாகவே இருந்தன.

கதவு திறந்தது. வின்சென்ட்.

"சாப்ட போலயாம்மா? அட, படம் ஷோக்கா கீது. ஓரத்துல யாரு கை?"

"தெரியல சார்."

"வெட்டிடு," என்றபடி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஆக, அது அவர் கண்ணுக்கும் தெரிந்தது.

வெட்டினாள். கை சத்யப்ரியாவின் முழங்கை அருகே வந்தது. வெட்டினாள். தோள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்ட வெட்ட அது வெளியே போகவில்லை. உள்ளே வருகிறது.

நிறுத்தியிருக்கலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் படம் அழகாகிக்கொண்டே வந்தது. அதோடு, அந்தப் பழைய நினைப்பு...

இவள் மட்டும் இல்லாவிட்டால்.

வெட்டினாள்.

முகம். கழுத்து. கழுத்தில் ஐந்து விரல்கள்.

டப்.

சத்தம் அறைக்குள் கேட்டது. அவளுக்கு மிக அருகில்.

படத்தை அனுப்பிவிட்டுத்தான் ஓடினாள். அனுப்பாமல் ஓடவில்லை. இதை என்னிடம் இரண்டு முறை சொன்னாள். ஸ்கூட்டியில் வீடு போய்ச் சேரும்வரை சத்யப்ரியாவின் கழுத்தே கண் முன்னால் நின்றதாம்.

சத்யப்ரியா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அண்ணி, இப்பிடி மூச்சு வாங்குது? போலீசு தொரத்திச்சா?"

சுகன்யாவுக்கு உயிர் வந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. சின்னதாக, ஓர் ஏமாற்றம். கையைவிட அதைப் பார்த்துத்தான் அதிகம் பயந்ததாகச் சொன்னாள்.

சாயங்காலம் ரங்கசாமியைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் ஏன் யாரும் நிற்பதில்லை என்று கேட்டாள்.

"பாஞ்சாலைன்னு ஒருத்திம்மா. நீ பொறக்கறதுக்கு முன்ன. அந்த முளைகிட்டதான் நின்னுகினு இருந்தா. செவப்புப் பாவு. லாரி ஒண்ணு உள்ள பூந்து பாவ இழுத்துகினு போயிடுச்சி. இழை கையில சுத்திகிச்சி. பட்டாச்சே, அறுமா? கைதான்..."

"பாவு கட்டின தெருவுல லாரி எப்பிடி மாமா வரும்?"

ரங்கசாமி எழுந்துகொண்டார்.

"வா, வான்னு கை காட்டி வுட்டது அவளோட நாத்தனாரு."

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. சுகன்யாவின் படத்துக்கு முதல் பரிசு. ஹேமநாத்துக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவை வாழ்த்தி ஃபிளெக்ஸ் வைக்க வேண்டும் என்று வின்சென்ட்டிடம் சொல்லிவிட்டான். சுகன்யா எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவள். தனியாக எடுத்த படமே கிடையாது. ஏதோ கல்யாணத்தில் எல்லோரோடும் நின்ற படம் ஒன்றைச் சத்யப்ரியா தேடிக் கொடுத்தாள்.

மறுநாள் விடிந்து சற்று நேரத்தில் என் போன் அடித்தது. 6.52.

சுகன்யா. இதுவரை நான் எழுதியதை எல்லாம் அப்போதுதான் சொன்னாள். தெருக்கோடியில், முளைக்குப் பக்கத்தில், தன் ஃபிளெக்ஸுக்கு எதிரில் நின்று பேசினாள். அவள் முகம் ஆள் உயரத்துக்கு இருந்ததாம்.

"எத்தனை பேர் நின்ன படம் தெரியுமா? எல்லாரையும் வெட்டிட்டாங்க. என் கழுத்து வரைக்கும் வெட்டிட்டாங்க."

"சரி, அதுக்கென்ன?"

"இடது ஓரத்துல பாரேன்..."

"என்ன இருக்கு?"

மூச்சுச் சத்தம்.

டப்.

நான் என் காதால் கேட்டேன்.

முளைக்கு இடது புறம் சுருண்டு கிடந்தாள். மாரடைப்பு என்றார் டாக்டர். வலது மணிக்கட்டில் சிவப்புப் பட்டு இழை சதைக்குள் பதிகிற அளவுக்கு இறுகச் சுற்றியிருந்தது. அந்த மாதம் அந்தத் தெருவில் யாரும் சிவப்புப் பாவு போடவில்லை. கையில் இருந்த கடிகாரத்தைக் காணவில்லை. தெரு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

காரியம் முடிந்தபின் வின்சென்ட்டைப் போய்ப் பார்த்தேன். ஃபிளெக்ஸுக்கு முகத்தை மட்டும் வெட்டச் சொன்னது யார் என்று கேட்டேன்.

"அந்தத் தம்பி சம்சாரம்தான். கும்பல் எதுக்கு சார், அவங்க மூஞ்சி மட்டும் போதும்னிச்சி. பாசமாத்தான் சொல்லிச்சி."

அப்புறம் அவர் தயங்கினார். கணினியில் ஒரு படத்தைத் திறந்தார். முளையருகே சத்யப்ரியா நிற்கும் அந்த முதல் படம். வெட்டாத முழுப் படம்.

இடது ஓரத்தில் கை இருந்தது.

அதில் சிவப்பு இழைகள் இல்லை. கறுப்புத் தோல் பட்டை வைத்த பெரிய கடிகாரம் இருந்தது.

"கூடத்துல மாட்ட வேணுமாம் அந்தப் பொண்ணுக்கு," என்றார் வின்சென்ட். "ஓரத்துல இருக்கற கை அசிங்கமா கீது சார், வெட்டிட்டு என்னை மட்டும் போட்டுக் குடுங்கன்னிச்சி."

"வெட்டினீங்களா?"

அவர் திரையைப் பார்க்கவில்லை.

"ஒரே ஒரு வாட்டி."