நன்றிப் பக்கத்தில் இறந்தவர்

எங்கள் மலாக்காவில் நன்றி சொல்வதற்குப் பஞ்சமே கிடையாது. ஏதாவது ஒரு கோயில் திருவிழாவுக்கோ பள்ளி விழாவுக்கோ வந்து பாருங்கள். நாற்காலி கொடுத்தவருக்கு நன்றி, நாற்காலியை லாரியில் ஏற்றி வந்தவருக்கு நன்றி, குடிநீர்ப் புட்டி தந்தவருக்குப் பொன்னாடை, பொன்னாடை வாங்கித் தந்தவருக்கும் ஒரு பொன்னாடை. எல்லாம் முடிந்தபின் ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, 'யார் பெயராவது விடுபட்டிருந்தால் மன்னிக்கவும்' என்பார். விடுபட்டவர் அடுத்த வருடம் விழாவுக்கே வரமாட்டார். இவ்வளவு நன்றியுள்ள ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் நான் பாடம் நடத்துகிறேன்.

ஆயர் குரோவில் ஒரு தனியார் கல்லூரி. அதில் தமிழ் ஒரு விருப்பப் பாடம். பிள்ளைகள் வீட்டில் எழுதிக் கொண்டுவரும் இடுபணிக் கட்டுரையைத் திறந்தால், முதல் பக்கம் நன்றியுரை. எல்லாம் வல்ல இறைவனுக்கு நன்றி, பெற்றோருக்கு, விரிவுரையாளருக்கு, தோள் கொடுத்த தோழர்களுக்கு, அச்சுப்பொறி தந்த பக்கத்து வீட்டு அங்கிளுக்கு நன்றி. கண்ணீர் வராத குறைதான். அப்படியே கடைசிப் பக்கத்துக்குப் போனால், 'மேற்கோள்' என்ற தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு சொல் இருக்கும்: இணையம்.

"எந்த இணையம்மா?" என்று கேட்பேன்.

"கூகல்ல டீச்சர்."

அச்சுப்பொறி கொடுத்த அங்கிளுக்கு ஒரு பத்தி. விஷயத்தைக் கொடுத்தவருக்கு ஒரு எழுத்துகூடக் கிடையாது. இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லி என்ன? எங்கள் மதிப்பெண் அட்டவணையே அப்படித்தான். நன்றியுரைக்கு ஐந்து மதிப்பெண். மேற்கோளுக்குத் தனியாக எதுவும் கிடையாது, 'நேர்த்தி' என்ற தலைப்பில் அட்டையின் நிறத்தோடு அதுவும் ஒதுங்கிக் கிடக்கும். நானும் வருடா வருடம் மாற்றச் சொல்லிக் கேட்கிறேன். எங்கள் துறை ஒருங்கிணைப்பாளரும் வருடா வருடம் 'நல்ல கருத்து' என்று குறித்துக்கொள்கிறார்.

திருட்டைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை ஒன்றும் வேண்டாம். 'டீச்சர் இன்னிக்கி கிளாஸ் இருக்கா' என்பதையே நான்கு பிழையோடு அனுப்பும் பையன், திடீரென்று 'சமூகப் பண்பாட்டுச் சூழலியலின் பின்புலத்தில்' என்று ஆரம்பித்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளலாம். ஒருத்தியின் கட்டுரை நடுவில் 'மேலும் படிக்க இங்கே சொடுக்கவும்' என்று இருந்தது. நானும் அந்தத் தாளைச் சொடுக்கிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. இப்போது காலம் இன்னும் முன்னேறிவிட்டது. போன வருடம் ஒருவனுடைய இடுபணியின் முதல் வரியே, 'நிச்சயமாக! நீங்கள் கேட்ட கட்டுரை இதோ' என்று இருந்தது. அவ்வளவு பணிவாக அந்தப் பையன் அதற்கு முன்னும் பேசியதில்லை, அதற்குப் பின்னும் பேசியதில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டே திருத்திக்கொண்டிருந்த என்னைக் கோபப்படுத்திய சம்பவம் போன பருவத்தில் நடந்தது.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஓர் இடத்தைக் கொஞ்ச நாள் கவனித்து எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். கூகலுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து எழுதினால் திருட முடியாதே என்று ஒரு கணக்கு. மெர்லிமாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் பெண் ஒருத்தி வகுப்பில் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர், அவள் கல்லூரியில் சேரும் முன்பே தவறிவிட்டார். தோட்டத்து வீடுகளை ஒட்டிய ஒரு பஸ் நிறுத்தத்தைப் பற்றி எழுதியிருந்தாள். பஸ் வருவது எப்போதோ நின்றுபோய்விட்டது, ஆனால் நிறுத்தத்துக்கு ஆட்கள் வருவது நிற்கவில்லை. காலையில் தொழிற்சாலை வேனுக்காகப் பெண்கள், மத்தியானத்தில் கீரைக்கட்டு விற்கும் அம்மா, சாயங்காலம் சும்மா உட்கார வரும் ஆண்கள். படித்து முடித்ததும் எழுந்துபோய் ஒரு தேநீர் கலக்கிக்கொண்டு வந்து மறுபடியும் படித்தேன்.

நன்றிப் பக்கத்தில் மூன்றே வரி. 'மறைந்த என் தந்தைக்கு. பள்ளிப் பஸ் வரும் நேரத்தில் இந்த நிறுத்தத்தில் மோட்டாரோடு நின்றவர். மழை வந்தால் மழைக்கோட்டை எனக்குப் போட்டுவிட்டு நனைந்தபடி ஓட்டியவர்.' இறைவன் இல்லை, விரிவுரையாளர் இல்லை. நான் இல்லாத நன்றியுரையைப் பார்த்து மகிழ்ந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். எங்கள் கல்லூரியில் இடுபணிகளை ஒரு மென்பொருளில் ஏற்றுவார்கள், எது எதோடு ஒத்துப்போகிறது என்று அது சொல்லும். அந்தப் பெண்ணுடையது கிட்டத்தட்ட முழுவதும் இன்னொருவனுடையதோடு ஒத்துப்போகிறது என்று சிவப்புச் சிவப்பாகக் காட்டியது. அந்த இன்னொருவன் தெங்கேராவில் பூசைச் சாமான் கடை வைத்திருப்பவரின் மகன். இரண்டு நாள் முன்னதாகவே ஏற்றிவிட்டான். வாழ்க்கையில் அவன் எதையும் முன்னதாகச் செய்தது அந்த ஒரு தடவைதான்.

"அந்தப் பொண்ணுதான் காப்பியடிச்சிருக்கு டீச்சர். பின்னால வந்தது அதோடது," என்றார் ஒருங்கிணைப்பாளர்.

விதிப்படி காப்பியடித்தவருக்குப் பூஜ்யம், பாடத்தை மறுபடி எடுக்க வேண்டும். அவளுக்கு அடுத்த பருவத்தில் ஆசிரியர் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருந்தது. இந்தப் பாடம் போனால் அந்த இடமும் போய்விடும். அது அவருக்கும் தெரியும்.

பையனுடையதைப் படித்தேன். கெட்டிக்காரன், மெர்லிமாவ் என்று வந்த இடத்தில் எல்லாம் தெங்கேரா என்று மாற்றியிருந்தான். மற்றதில் கை வைக்கவில்லை. ஆகவே தெங்கேராவில், பழைய கடைவீடுகள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்கும் தெங்கேராவில், 'கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனை மரங்கள்' இருந்தன. குலை ஏற்றிய லாரிகள் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஒரு மைவிக் காரை நிறுத்த இடம் தேடி நான் மூன்று சுற்றுச் சுற்றும் தெருவில், சாயங்காலம் மாடுகள் மேய்ந்து திரும்பின.

இதைக் காட்டினேன். ஒருங்கிணைப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கற்பனை வளமா இருக்கலாம் இல்லையா?"

அடுத்துப் பையனின் நன்றிப் பக்கத்தைக் காட்டினேன். மறைந்த தந்தை, மோட்டார், மழைக்கோட்டு, ஓர் எழுத்து மாறாமல் இருந்தது. "ரெண்டு பேருக்குமே அப்பா இல்லாம இருக்கலாம் டீச்சர். நாம அவசரப்பட்டுப் பேசக்கூடாது," என்றார். சொல்லிவிட்டு அந்தப் பெண்ணை வரச் சொன்னார்.

அவள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பையன் இடுபணியின் அமைப்பைப் பார்க்க வேண்டும் என்று வாட்ஸாப்பில் கேட்டான், அனுப்பினேன் என்றாள். அந்தச் செய்தியைக் காட்டச் சொன்னார். கைப்பேசி பழுதாகி மாற்றியதில் எல்லாம் போய்விட்டது என்றாள். ஒருங்கிணைப்பாளர் ரொம்ப நியாயமான குரலில், "சரிம்மா, அப்ப உங்கப்பாவோட இறப்புச் சான்றிதழக் கொண்டாந்து காட்டு. அதையாவது ஆதாரமா வச்சிக்கலாம்," என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவன்கிட்டயும் கேட்டீங்களா சார்?"

"அவன்தான் மொதல்ல அனுப்பிட்டானே."

இத்தனை வருடமாக ஆதாரம், ஆதாரம் என்று நான் கத்திக்கொண்டிருந்த கல்லூரியில், முதன்முதலாக ஆதாரம் கேட்கப்பட்டது சொந்தமாக எழுதிய ஒரே பிள்ளையிடம். ஏதாவது சொன்னால் கெட்ட வார்த்தையாகத்தான் வரும் என்று தெரிந்ததால் வெளியே வந்தேன். அலுவலகத்தில் பையனின் விவரத்தில் இருந்த வீட்டு எண்ணுக்குப் போன் போட்டேன். கணீர் என்று ஓர் ஆண் குரல் எடுத்தது.

"அவங்கப்பாதான் பேசுறேன். சொல்லுங்க."

மகனுடைய இடுபணி விஷயமாக உடனே வர முடியுமா என்று மட்டும் கேட்டேன். மறைந்த தந்தை முக்கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு பை நிறையச் சூடான கறிபாப் பலகாரம். அவரைக் கண்டதும் ஒருங்கிணைப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வந்தவர் கோயில் நிர்வாகத் தலைவர். போன திருவிழாவில்தான் ஒருங்கிணைப்பாளருக்குப் பொன்னாடை போட்டாராம்.

"ஐயா! வாங்க வாங்க. அது உங்க மகனா? தெரியாமப் போச்சே. பசியாறிட்டீங்களா?"

பையனையும் கூப்பிட்டார்கள். நான் அந்தப் பக்கத்தை அவரிடம் நீட்டினேன். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"என்னாடா லா இது? நா எப்படா செத்தேன்?"

பையன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஃபார்மெட் பாக்கத்தான்பா வாங்குனேன். அந்தப் பக்கத்த மாத்த மறந்துட்டேன்," என்றான். வாக்குமூலம் அவ்வளவுதான். அந்தப் பெண் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மோட்டாராம், மழைக்கோட்டாம். எனக்கு மோட்டாரே ஓட்டத் தெரியாதே டீச்சர். இவன் ஸ்கூலுக்கு வேன்ல போனான். ஒரு நாளுகூட நா கொண்டு போயி விட்டது இல்ல." அதைச் சொன்னபோது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே சமாளித்துக்கொண்டார். "காப்பியடிச்சதுகூடப் பரவால்ல லா. யாருதான் அடிக்கல? கோயில் மலர்ல வர்ற என் வாழ்த்துரைய நானா எழுதுறேன்? செயலாளர் எழுதுறாரு, நா படத்துக்குச் சிரிக்கிறேன். ஆனா உசுரோட இருக்குறவன இப்பிடி அமங்கலமா எழுதலாமா? இதுக்கு ஒரு அர்ச்சனை பண்ணணும்."

"கண்டிப்பாப் பண்ணணும் ஐயா," என்றார் ஒருங்கிணைப்பாளர்.

அந்த அறையில் திருடப்பட்டது யாருடைய அப்பா என்பதை அவர்கள் இருவரும் மறந்தே போனார்கள். கறிபாப் பிரித்து வைக்கப்பட்டது. எனக்கும் ஒன்று வந்தது, நான் தொடவில்லை. அந்தப் பெண்ணுக்கு யாரும் நீட்டவில்லை.

முடிவு இப்படி எழுதப்பட்டது. பெண்ணின் இடுபணி ஏற்றுக்கொள்ளப்படுகிறது. பையனின் இளம் வயதைக் கருத்தில் கொண்டு மீண்டும் எழுத வாய்ப்பு அளிக்கப்படுகிறது. இருவருக்கும் ஒரே வயது. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் இரண்டு தடவை போய்ச் சொன்னேன். 'நல்ல கருத்து' என்று குறித்துக்கொண்டார்.

பையனின் புதிய இடுபணி வந்தது. செம்பனை எல்லாம் வெட்டப்பட்டிருந்தது. நன்றியுரையில், 'நூறாண்டு காலம் வாழவிருக்கும் என் பாசமிகு தந்தைக்கும், தாயினும் மேலான ஒருங்கிணைப்பாளர் ஐயாவுக்கும்' என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் மேற்கோள்: இணையம். கல்லூரி ஆண்டு விழாவுக்கு அவனுடைய அப்பாதான் சிறப்பு விருந்தினர். ஒருங்கிணைப்பாளர் இந்தமுறை திருப்பிப் பொன்னாடை போட்டார்.

பருவம் முடியும்போது அந்தப் பெண் கடைசியாக ஒரு சிறிய கட்டுரையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பின்னாலிருந்து திருப்பினேன். இரண்டு பக்க மேற்கோள். எந்த நூல், எந்தப் பக்கம், யாரிடம் எப்போது கேட்டது என்று எல்லாம் இருந்தது. கீரைக்கட்டு அம்மாவிடம் அனுமதி வாங்கிய விவரம்கூட இருந்தது. நான் சொல்லிக்கொடுத்ததை ஒருத்தியாவது செய்திருக்கிறாளே என்று தலைகால் புரியாமல் முன்பக்கத்துக்கு வந்தேன். அட்டைக்கு அடுத்து நேராகக் கட்டுரை.

"நன்றியுரை எங்கம்மா? விட்டுட்டியா?"

"இல்ல டீச்சர். வேணாம்."

"அஞ்சு மார்க் போயிரும்மா."

"போவட்டும் டீச்சர்." ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்தபடி சாதாரணமாகத்தான் சொன்னாள். "ஒரு தடவ அப்பாவ ஃபைல்ல போட்டேன், வேற வீட்டுக்குப் போயிட்டாரு. இனிமே எங்கிட்டயே இருக்கட்டும்."

அவளுடைய மோட்டார் சத்தம் கேட் தாண்டும் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு மதிப்பெண் தாளை எடுத்து, நன்றியுரை என்ற இடத்துக்கு நேரே, இல்லாத அந்தப் பக்கத்துக்கு ஐந்துக்கு ஐந்து போட்டேன். இதுவரை யாரும் ஆதாரம் கேட்கவில்லை.