கதவில்லாத சமையலறை அலமாரி

சில வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கும்போது, கிள்ளானில் என் பெற்றோர் வீட்டில் நடந்தது இது. நான் அம்பாங்கில் குடியிருக்கிறேன். சனிக்கிழமை விடிந்தால் காரை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குக் கிளம்பிவிடுவேன். ஒரே பிள்ளை என்பதால் அந்த வீட்டில் என் அதிகாரம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

சமையலறை அலமாரிக் கதவுகள் எண்ணெய்ப் பிசுக்கேறி, அடிப்பக்கம் ஊறி உப்பிப் போயிருந்தன. தீபாவளிக்கு முன்னால் மாற்றியாக வேண்டும் என்று அம்மா நச்சரித்துக்கொண்டிருந்தார். வீடியோ பார்த்த தைரியத்தில் நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மரத்தூளை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகைகளை அளவுக்கு அறுத்து வாங்கி வந்தேன். பழைய கதவுகளைக் கழற்றிக் குப்பை லோரியில் ஏற்றி அனுப்பினேன். எண்ணெய்ப் பெயின்ட் வாசனை அம்மாவுக்கு ஆகாது, தலைவலி வந்துவிடும். அதனால் தண்ணீர் கலந்து அடிக்கிற பெயின்டாகப் பார்த்து வாங்கினேன். பாண்டான் இலை போல ஓர் இளம்பச்சை. நிறம் அம்மா தேர்ந்தெடுத்தது.

கார் நிறுத்துகிற இடத்தில் பலகைகளைப் பரப்பி நான் முதல் பூச்சாகப் பிரைமர் அடிக்க, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து அம்மா மேற்பார்வை செய்தார். அறுத்த ஓரங்கள் அடிக்க அடிக்க உறிஞ்சிக்கொண்டே இருந்தன. "ஓரத்துல இன்னொரு வாட்டி அடிடி, அது நல்லா தண்ணி குடிக்குது" என்றார். அங்கே சரியாக அடைக்காவிட்டால் ஈரம் இறங்கிப் பலகை ஊதிவிடும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அம்மா சொல்லி உடனே கேட்டதாக இருக்கக்கூடாதே, கொஞ்சம் முறைத்துவிட்டுத்தான் அடித்தேன். அடுத்த சனிக்கிழமை பச்சை அடிப்பதாகப் பேச்சு.

அந்தச் சனிக்கிழமைக்குள் அம்மா போய்விட்டார். மாரடைப்பு. நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது கதவில்லாத அந்த அலமாரிதான். மைலோ டின்னில் பருப்பு, பிஸ்கட் டின்னில் வற்றல், மடித்து மடித்துச் செருகிய பிளாஸ்டிக் பைகள். அம்மா யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த குடித்தனம் முழுவதும் ஊர் பார்க்கத் திறந்து கிடந்தது. எனக்கு அழுகையோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது. அப்பாவின் அக்கா, என் அத்தை, ஒரு வேட்டியை எடுத்து அதன் முன்னால் கட்டிவிட்டார்.

கருமகிரியை முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். கதவுகளை முடித்து மாட்டிவிடுகிறேன் என்று நான் சொன்னதும் அத்தை மறுத்துவிட்டார். துக்க வீட்டில் வருஷம் திரும்பும்வரை பெயின்ட் வாசனையே வரக்கூடாதாம். பிரைமர் மட்டும் அடித்த பலகைகள் சுவரோரமாகச் சாய்ந்து நின்றன. வேட்டியை யார் அவிழ்த்தார்கள் என்று தெரியவில்லை, மறு வாரம் நான் போனபோது அது இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் எனக்கு நரகம்தான். சமையலறைக்குள் நுழைந்தால் அம்மாவின் டம்ளர், பாதி தீர்ந்த ஊறுகாய் பாட்டில் எல்லாம் முகத்தில் அடிக்கும். எனக்கே இப்படி என்றால் அப்பாவுக்கு? அவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐஸ்பெட்டியில் தண்ணீர் எடுக்க மட்டும்தான் சமையலறைப் பக்கம் வருவார். அப்படிப்பட்டவர் இப்போது அங்கேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, திறந்து கிடக்கிற அலமாரித் தட்டுகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாரா வாரம் சமைத்து டப்பாக்களில் போட்டு வைத்துவிட்டு வருவேன். மறு வாரம் பார்த்தால் பாதி அப்படியே இருக்கும். ஆளும் இளைத்துவிட்டார். அம்மா பின்னாலேயே இவரும் போய்விடுவாரோ என்று பயந்தேன். அம்பாங்குக்கு வந்துவிடுங்கள் என்று எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்தேன். மனுஷர் அசைந்து கொடுக்கவில்லை.

எதிர் வீட்டு மலாய் அக்காவிடம் ஒரு நாள் வேலியோரம் நின்று புலம்பித் தீர்த்தேன். அவருக்கும் அம்மாவுக்கும் நல்ல பழக்கம். உங்கள் வீட்டில்தானே பெயின்ட் அடிக்கக் கூடாது, என் வீட்டில் அடிக்கலாமே என்றார். அதைக் கேட்டு அத்தைகூட, "சரி, என்னமோ செய்யுங்க" என்று விட்டுவிட்டார். பலகைகளைச் சாலையைக் கடந்து தூக்கிக்கொண்டு போனோம். துக்கக்காரி நீ தொட வேண்டாம் என்று அவரே சாயங்காலங்களில் தேய்த்து, ஓரங்களை அடைத்து, பச்சை அடித்தார். கடையில் வாங்கியதைப்போல வழவழவென்று இருந்தன. எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா பாசாருக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கதவுகளை மாட்டத் தொடங்கினேன். அவர் வரும்போது கடைசிக் கதவின் கீலை முடுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தவர் பையைக் கீழே வைத்தார். ஒரு கதவைத் திறந்து பார்த்து மூடினார். இன்னொன்றைத் திறந்தார். மறுபடி முதல் கதவுக்கே வந்தார். பிறகு, "கழட்டிடும்மா" என்றார்.

நிறம் பிடிக்கவில்லையா, அம்மா ஆசைப்பட்டது இதுதானே என்று படபடத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"கலரு நல்லாதான் இருக்கு. எல்லாரும் போன அன்னிக்கி எனக்கு ஒரு தேத்தண்ணி வேணும்னு இருந்துச்சி. வேட்டிய அவுத்துட்டுப் பார்த்தேன், எல்லாம் கண்ணு முன்னால இருந்துச்சி. கைக்கு எட்டற எடத்துல இருக்கறது அவ தெனம் எடுக்கறது, மேல இருக்கறது எப்பவாவது எடுக்கறது. அப்படிப் பார்த்துப் பார்த்துதான் ரசம் வரைக்கும் வந்துருக்கேன். எதையும் சொல்லிக் குடுக்காமப் போயிட்டாம்மா. இப்ப நீயும் மூடிட்டா நான் யார்கிட்ட போயி கேப்பேன்?"

டப்பாச் சாப்பாடு ஏன் மிஞ்சியது என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் தானே சமைத்துத் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவே இல்லை. அழுதுகொண்டே கதவுகளைக் கழற்றினேன். அப்பா ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டார்.

மத்தியானம் அவர் வைத்த ரசத்தைச் சாப்பிட்டேன். உப்பு கூட, புளி குறைவு. ஆனால் சீரகமும் மிளகும் அம்மா தட்டிப் போடுகிற அளவில் இருந்தன. எப்படி என்று கேட்டேன். அம்மா அளந்து எடுக்கிற சின்னக் கரண்டி மிளகு டின்னுக்குள்ளேயே கிடந்தது என்றார்.

சாயங்காலம் எதிர் வீட்டு அக்காவிடம் அப்பாவே போய் விஷயத்தைச் சொன்னார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார் என்று அப்பா சொன்னார்.

அம்மாவின் வருஷத் திவசம் எப்போதோ வந்து போய்விட்டது. கதவுகள் இன்னும் பழைய போர்வையில் சுற்றியபடி ஸ்டோரில்தான் இருக்கின்றன. மாட்டலாமா என்று எப்போதாவது கேட்பேன். இருக்கட்டும் என்பார், நானும் விட்டுவிடுவேன். இப்போதெல்லாம் யாருடைய துக்க வீட்டுக்குப் போனாலும், அங்கே சிதறிக் கிடப்பதை ஒதுங்கவைக்க என் கை தானாக நீளும்போது, இதைத் தொடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன்.